பதினாறாம் சேனல்

ஏப்ரல் 27, திங்கள்

காலை பலகாரத்தின்போது கப்பல் ஒருமுறை உதறிக்கொண்டது. மேசையிலிருந்த சாம்பார் வாளி நகர்ந்து போய் யாரோ ஒருவர் மடியில் கவிழ்ந்தது. அப்புறம் காலடியில் சதா ஓடிக்கொண்டிருந்த இயந்திரச் சத்தம் நின்றுபோனது. ஓடிக்கொண்டிருந்தவரை அது காதில் விழுந்ததே இல்லை. நின்ற பிறகுதான் எல்லோரும் தலையைத் தூக்கினோம்.

யாரோ கடலில் அறுத்துவிட்ட பெரிய வலை புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டதாம். பச்சை நைலான். பின்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தால் கப்பலுக்குக் கீழே பாவாடை மாதிரி விரிந்து தொங்குகிறது.

"ரெண்டு நாளில் அறுத்துவிடலாம், டாக்டர்" என்றார் கேப்டன் லோபோ. மங்களூர்க்காரர். நான் ஊசி போடும் டாக்டர் இல்லை, நீரோட்டம் படித்தவள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். இருந்தாலும் இந்தப் பயணத்தில் விஞ்ஞானிகள் குழுவுக்கு நான் தலைவி என்பதால் டாக்டர் என்றே கூப்பிடுகிறார்.

ஏப்ரல் 29, புதன்

ரெண்டு நாளில் முடியாது. முக்குளித்தவர்கள் வலையில் பாதியை அறுத்துவிட்டு மேலே வந்தார்கள். புரொப்பல்லரின் தண்டு கப்பலுக்குள் நுழையும் இடத்தில் அடைப்பு கிழிந்து நீர் கசிகிறது. புரொப்பல்லரைச் சுற்றினால் இயந்திர அறை நிறைந்துவிடும். சென்னையிலிருந்து இழுவைக் கப்பல் வந்து கட்டி இழுத்துப்போக வேண்டும். அது வேறு வேலையில் இருக்கிறது. அடுத்த வாரம் வருமாம்.

நல்ல தண்ணீர் காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பூட்டு. கப்பலின் சாட்டிலைட் போனில் வீட்டுக்குச் சொன்னேன். மகள் நறுமுகைக்கு எட்டாம் தேதி பிளஸ் டூ ரிசல்ட். "அன்னிக்கு இருக்கேன்னு சொன்னியேம்மா" என்றாள். கத்தியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

மே 1, வெள்ளி

காற்றே இல்லை. வங்காள விரிகுடாவின் நடுவில், கரை எந்தப் பக்கமும் தெரியாத இடத்தில் நிற்கிறோம். நிற்கிறோம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். உண்மையில் நகர்கிறோம். நீரோட்டம் எங்களைக் கிழக்கே கொண்டுபோகிறது. ஆனால் அடியில் தொங்கும் வலை பிடித்து இழுப்பதால் ரொம்ப மெதுவாக. காற்று எழும்பினால் லேசான படகு எதுவும் எங்களைத் தாண்டிப் போய்விடும்.

வலையின் நிழலில் மீன்கள் கூடிவிட்டன. ஆயிரக்கணக்கில், எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்து அசையாமல் நிற்கின்றன. பறவை ஒன்றுகூட வருவதில்லை. இவ்வளவு மீன் இருந்தும் ஏன் வரவில்லை என்று குழுவில் ஒருவர் கேட்டார். கரை தூரம் என்றேன்.

நீர் மாதிரி எடுக்கும் குப்பிகளைக் கழுவி அடுக்கினோம். வெங்காயம் தீர்ந்துபோனதாக சமையல்காரர் சசி அறிவித்தார். கொல்லத்துக்காரர். யாரோ இறந்துபோன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

மே 2, சனி

பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டாம் அதிகாரி இபுறாகீம் ஆளனுப்பி என்னை மேலே கூப்பிட்டார். கீழக்கரைப் பையன், பையன் என்றாலும் முப்பது தாண்டியவர். மாலைத் தொழுகையை முடித்துவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தவர், ரேடியோ முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், இதைக் கொஞ்சம் கேளுங்க. எனக்கு மட்டும் கேக்குதான்னு தெரியல."

பதினாறாம் சேனல். ஆபத்தில் இருப்பவர்கள் கூப்பிடும் சேனல். பக்கத்தில் இருக்கும் கப்பல்களும் படகுகளும் மட்டும்தான் அதில் பேசமுடியும். இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண்குரல்.

"கப்பலு... வெள்ளக் கப்பலு... கேக்குதுங்களா?"

இபுறாகீம் மைக்கை எடுத்தார். "கேக்குது. சொல்லுங்க. யாரு?"

"அஞ்சப்பன். நாகப்பட்டினம், சாமந்தான்பேட்டை. ஃபைபர் போட்டு. இஞ்சின் போயிடுச்சுங்க."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு, "மாப்ள இருக்காரு. மாப்ளைக்கு முடியல."

"எங்க கப்பல் தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுது. பொழுது கெளம்புற பக்கம் நிக்குறீங்க. வெள்ளையா, நெகம் அளவுக்கு."

"தண்ணி இருக்கா?"

"ஐஸ் பொட்டித் தண்ணி மாப்ளைக்குக் கொஞ்சம் இருக்கு. சீக்கிரம் வாங்க."

அவ்வளவுதான். பிறகு எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை. ரேடாரில் ஒன்றும் இல்லை. ஃபைபர் படகு ரேடாரில் விழாது, மரமும் பிளாஸ்டிக்கும் எதிரொலி தராது என்று இபுறாகீமுக்கு விளக்கினேன். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும் என்பது பிறகுதான் உறைத்தது.

எத்தனை பேர் என்று கேட்டதற்கு ஒருவரை மட்டும் சொன்னார். களைத்துப்போனவர்கள் தங்களைச் சேர்த்து எண்ண மறந்துவிடுவார்கள்.

மே 3, ஞாயிறு

கரையில் கடலோரக் காவல்படையிடம் போனில் விசாரித்தோம். செய்தி உண்மை. சாமந்தான்பேட்டையிலிருந்து இரண்டு பேர் போன படகு ஏப்ரல் இருபத்திரண்டிலிருந்து காணோம். அஞ்சப்பன், அவருடைய தங்கை கணவர் மதியழகன். தேடிப் பார்த்து, கிடைக்காமல் தேடுவதை நிறுத்திவிட்டார்களாம். படகு கண்ணில் படுகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கேப்டன் யோசிக்கவே இல்லை. மீட்புப் படகை இறக்கச் சொன்னார். எங்கள் கப்பல் அவர்களுக்கு உதயத் திசையில் தெரிகிறதென்றால் அவர்கள் எங்களுக்கு மேற்கே இருக்க வேண்டும். இபுறாகீமும் இன்னும் மூன்று பேரும் மேற்கே போனார்கள். நான் மேல்தளத்தில் தொலைநோக்கியோடு நின்றேன். வெயிலும் வெக்கை மூட்டமும் கலந்து கடலும் வானமும் ஒரே பாலாக இருந்தது. படகு அதற்குள் போய் மறைந்தது. மதியத்துக்கு மேல்தான் திரும்பியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

படகை ஏற்றும்போது கொக்கி நழுவித் தளத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு இரண்டு விரல் நசுங்கிவிட்டது. கப்பல் மருத்துவர் தைத்தார். இனிமேல் இடம் தெரியாமல் படகை இறக்கமாட்டேன் என்றார் கேப்டன். கப்பல் ஓடாத நிலையில், அந்தப் படகுக்கு ஏதாவது ஆனால் போய் எடுக்க நம்மால் முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

மே 4, திங்கள்

சாயங்காலம் மறுபடியும்.

"படகு வந்துச்சுங்களே நேத்து" என்றார் அஞ்சப்பன். குறை சொல்கிற மாதிரி இல்லை. "பக்கத்துலதான் போனாங்க. கத்துனேன். கேக்கல அவங்களுக்கு."

இன்று மைக் என் கையில் இருந்தது. "எவ்வளவு பக்கத்துல?"

"ஆரஞ்சு கோட்டு போட்டவரு முன்னால நின்னுகிட்டு வந்தாரு. கண்ணுல கைய வச்சுப் பாத்தாரு. தாடி."

நான் இபுறாகீமைப் பார்த்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"மேடம், தாடி தெரியற தூரத்துல ஒரு படகு இருந்து நான் பாக்காம வருவேனா?" என்றார். ஏறக்குறைய அழுகிற குரல்.

வெயிலுக்கு எதிராகப் பார்த்திருப்பீர்கள், மூட்டம் வேறு என்றேன். கடலில் இப்படி நடப்பது புதிதில்லை. அலைக்குப் பின்னால் படகு மறைந்திருக்கும். நேற்று அலை இருந்ததா என்று அவர் கேட்டார். சின்ன அலை இருந்திருக்கும்.

"உங்க பேரு என்னங்கம்மா?" என்று அஞ்சப்பன் கேட்டார்.

"பூங்கோதை."

"ஊரு?"

"தர்மபுரிப் பக்கம்."

"கடல் இல்லாத ஊராச்சே" என்றார். அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். பிறகு இரைச்சல்.

மே 5, செவ்வாய்

மேற்கிலிருந்து காற்று எழும்பியிருக்கிறது. பலமாக இல்லை. துணி காயும் அளவுக்கு.

கேப்டன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கட்டுப்பாட்டு அறையில் நடக்கும் பேச்சும் ரேடியோவும் தானாகவே பதிவாகும். நேற்றையதைப் போட்டுக் காட்டினார். சென்னையில் வெகுகாலம் வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் அவருக்குப் புரியும்.

எவ்வளவு பக்கத்துல, என்று என் குரல். இரைச்சல். மேடம், என்று இபுறாகீமின் குரல். பிறகு எங்கள் இருவரின் பேச்சு, இரைச்சல். பூங்கோதை, என்று என் குரல். இரைச்சல். தர்மபுரிப் பக்கம்.

"இதில் மூன்றாவது ஆள் எங்கே, டாக்டர்?"

சிக்னல் பலவீனமாக இருந்தால் பதிவில் விழாது என்றேன். காதுக்கு எட்டுவது பதிவுக்கு எட்டாமல் போகுமா என்று கேட்டார். போகலாம் என்றேன். அப்படி ஒரு விஷயத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அவர் கோபப்படவில்லை. நீங்களும் இபுறாகீமும் நன்றாகத் தூங்குங்கள் என்று மட்டும் சொன்னார்.

நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குவது படிக்க வசதியாக இருக்கிறது என்பதால்.

மே 6, புதன்

காலையில் சசி இட்லித் தட்டோடு என்னிடம் வந்து, சமையலறை ஜன்னலுக்குக் கீழே கடலில் யாரோ இருமினார்கள் என்றார். அவர் மலையாளமும் தமிழும் கலந்து சொன்னதில் இருமல் என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. எட்டிப் பார்த்தாராம். வலையும் மீனும்தான் இருந்தனவாம். மீன்கள் வழக்கம்போல ஒரே பக்கம் பார்க்காமல் வட்டமாக விலகி, நடுவில் ஒரு படகு போகிற அளவுக்கு இடம் விட்டிருந்தனவாம். டால்பின் ஏதாவது மூச்சு விட்டிருக்கும் என்றேன். அது மூச்சு விடும் சத்தம் இருமல் மாதிரிதான் இருக்கும். சசி இட்லித் தட்டை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் நான் முன்கூட்டியே மேலே போய்விட்டேன். குளித்து, நல்ல சேலையாக எடுத்துக் கட்டியிருந்தேன். கப்பலில் சேலையா என்று இபுறாகீம் பார்த்தார். மற்றதெல்லாம் அழுக்கு.

"அம்மா" என்றார் அஞ்சப்பன். இரைச்சலே இல்லை இன்று. பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி. "உங்க கப்பலுக்குப் பின்னாடிதான் இன்னிக்குப் பொழுது விழுது. பாக்க நல்லாருக்கு."

முதலில் எனக்கு உறைக்கவில்லை. பிறகு மைக்கை அழுத்தினேன்.

"நேத்து வரைக்கும் நாங்க உங்களுக்குப் பொழுது கெளம்புற பக்கம்தானே இருந்தோம்?"

"ஆமா. இப்ப தாண்டிட்டோம்."

"எப்ப?"

"காலையில. உங்களை ஒட்டித்தான் போனோம். மாப்ள இருமிகிட்டே இருந்தாரு."

இபுறாகீம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஜன்னலுக்குப் போய்க் கிழக்கே பார்த்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்றும் தெரியவில்லை.

மேற்கிலிருந்து காற்று. எங்களை வலை பிடித்து வைத்திருக்கிறது, அவர்களைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. அதனால் தாண்டிப் போகிறார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இதில் வினோதம் ஒன்றும் இல்லை. எங்களை ஒட்டிப் போனது யார் கண்ணிலும் படவில்லை என்பது மட்டும்தான்.

மே 7, வியாழன்

இழுவைக் கப்பல் நாளைக் காலை வந்துவிடும் என்று செய்தி. கப்பல் முழுக்கக் கல்யாண வீடு. தண்ணீர்க் கட்டுப்பாட்டை ஒருநாள் முன்னதாகவே தளர்த்திவிட்டார்கள். ஆளாளுக்குத் துணி துவைத்துத் தளமெங்கும் காயப்போட்டிருக்கிறார்கள். விரல் நசுங்கியவர்கூட ஒரு கையால் கைலி அலசிக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் துவைக்கவில்லை. இழுவைக் கப்பல் வந்தால் நாங்கள் மேற்கே போவோம். அவர்கள் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார்கள்.

மதியம் கணக்கை உட்கார்ந்து போட்டேன். குரலை மறந்துவிட்டு, கரை சொன்ன தகவலை மட்டும் வைத்துக்கொண்டு. ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி அந்தப் படகு கடைசியாகத் தெரிந்த இடம், அன்றிலிருந்து அடித்த காற்று, ஆய்வுக்காக நாங்கள் கடலில் விட்ட மிதவைகள் காட்டும் நீரோட்டம். கோடு நெளிந்து நெளிந்து வந்து, நேற்றுக் காலை எங்கள் கப்பலைத் தொட்டுக்கொண்டு போயிற்று. இரண்டாவது முறை போட்டேன். அதே கோடு.

அதை எடுத்துக்கொண்டு கேப்டனிடம் போனேன்.

"ஒரு நாள் தாமதம் வேண்டும்" என்றேன்.

"பத்து நாளாக எல்லோரும் தாமதத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். நீங்களும்தான்."

"ஆமாம்."

"அந்தக் குரலுக்காக?"

"இல்லை. இந்தக் கோட்டுக்காக. ரேடியோவை விடுங்கள். யாருமே நம்மைக் கூப்பிடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காணாமல் போன படகு எங்கே இருக்கும் என்று நீங்கள் என்னைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் வரைந்திருப்பேன்."

அவர் ரொம்ப நேரம் வரைபடத்தைப் பார்த்தார். "இவ்வளவு நாள் வெயிலில் கிடந்தவர்கள் உயிரோடு இருப்பார்களா?"

"தெரியாது."

"இழுவைக் கப்பல்காரன் என்னைக் கடித்துத் துப்புவான்" என்றார். பிறகு, "நாளைப் பொழுது சாயும்வரை. குரலுக்காக ஒரு நிமிடம்கூடத் தரமாட்டேன். கோட்டுக்காகத் தருகிறேன்."

சாயங்காலம் அஞ்சப்பனின் குரல் தேய்ந்து வந்தது.

"கப்பலு மறைஞ்சிடுச்சுங்கம்மா. காணல."

"நாளைக்கு வர்றோம். கண்டிப்பா வர்றோம். அவரைத் தூங்கவிடாம பாத்துக்குங்க."

"எழுப்புறேன். எழுந்திரிக்க மாட்டேங்குறாரு. எம் பேச்சு அவருக்குக் கேக்க மாட்டேங்குது."

"நீங்க எப்படி இருக்கீங்க? நீங்க தண்ணி குடிச்சீங்களா?"

இதுவரை இதை நான் கேட்டதே இல்லை என்பது கேட்ட பிறகுதான் தோன்றியது.

"எனக்கு வேணாம்" என்றார். "மாப்ளைய ஏத்திக்குங்க. அது போதும்."

மே 8, வெள்ளி

கிடைத்துவிட்டது.

இழுவைக் கப்பல் காலையில் வந்தது. அதன் தலைவர் ஒரு தெலுங்குக்காரர், கேப்டன் பயந்த அளவுக்குக் கத்தவில்லை. கடலில் ஆள் என்றதும் கயிற்றைக்கூட இறக்காமல் திரும்பிவிட்டார். நானும் இபுறாகீமும் மருத்துவரும் அதில் ஏறிக்கொண்டோம். கிழக்கே, கோட்டின் மேலேயே போனோம்.

உச்சி வெயில் தாழ்ந்த பிறகு முதலில் பார்த்தது இபுறாகீம். நீலமாக ஒரு புள்ளி. கிட்டப் போனால் தார்ப்பாய். படகின் நடுவில் நிழலுக்காக இழுத்துக் கட்டியிருந்தது. அதன் அடியில் ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். உதடு வெடித்து, கண் உள்ளே போய், நெஞ்சு மட்டும் லேசாக ஏறி இறங்கியது. தலைமாட்டில் தண்ணீர்க் கேன். அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர் இருந்தது.

ஒருவர்தான். இன்னொருவர் இல்லை.

இபுறாகீம் படகில் இறங்கி அவரைத் தூக்கும் முன் தார்ப்பாயை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை. "இறுக்கிக் கட்டியிருக்கு மேடம்" என்றார். "கை தூக்க முடியாத ஆளு. யாரு கட்டினது?" முன்பே கட்டியிருப்பார் என்றேன். கத்தியால் அறுத்து எடுத்தோம்.

அஞ்சப்பன் பேசிய கைரேடியோவை, மீனவர்கள் வாக்கி என்பார்களே, அதைத் தேடினோம். ஐஸ் பெட்டிக்குள், பலகைக்கு அடியில், வலைக் குவியலில். இல்லை. அவரைத் தூக்கும் அவசரத்தில் கடலில் விழுந்திருக்கும்.

அஞ்சப்பன் பெயரைச் சொல்லி எல்லோரும் கத்தினோம். இழுவைக் கப்பல் ஊதியது. இருட்டும்வரை சுற்றிச் சுற்றி வந்தோம். நேற்றுச் சாயங்காலம் என்னிடம் பேசியவர். ராத்திரியில் விழுந்திருக்க வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மே 9, சனி

மதியழகனுக்குச் சொட்டுச் சொட்டாக நீர் ஏறுகிறது. பிழைத்துக்கொள்வார் என்கிறார் மருத்துவர். சிறுநீரகம் தாங்கிவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தார், பேசவில்லை.

வலையின் மிச்சத்தை அறுத்துவிட்டு, கயிறு கட்டி இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். மீன்கள் கொஞ்ச தூரம் கூடவே வந்து நின்றுவிட்டன.

சாப்பிடும்போது யாரோ தன் மகன் மார்க்கைச் சொன்னார்கள். அப்போதுதான் நேற்று எட்டாம் தேதி என்பது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் போன் செய்தேன். நறுமுகை ஐந்நூற்று அறுபத்தாறு. "மறந்துட்டியாம்மா?" என்றாள். ஒருவரைக் கடலிலிருந்து எடுத்தோம் என்றேன். "அவங்க நல்லாருக்காங்களா?" என்றாள். அழுதுவிட்டேன். போன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாயங்காலம் மேலே போனேன். பதினாறில் ஒன்றும் இல்லை.

மே 10, ஞாயிறு

மதியழகன் கஞ்சி குடித்தார். பேசினார். நானும் இபுறாகீமும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கட்டிக்கிட்டதுலேருந்து மச்சான் எங்கிட்டப் பேசினதில்ல மேடம். நாங்க ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டோம், அவருக்குப் புடிக்கல. ஒம்போது வருஷம். அவரு கூட்டாளிக்குக் காய்ச்சல்னு அன்னிக்கு ஆளு இல்ல. எம் பொண்டாட்டிதான் என்னைப் போகச் சொன்னா, போனாத்தான் ராசியாவும்னு. போட்டுலயும் பேசல. வலைய இழு, முன்னால அணியத்துக்குப் போ, அவ்வளவுதான். என்னைப் பேரு சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டாரு."

இஞ்சின் நின்ற பிறகும் இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம். மறுநாளே திடீரென்று காற்றும் மழையும் வந்திருக்கிறது.

"ஒரு அலை வந்து என்னைத் தூக்கிடுச்சு. மச்சான் எஞ் சட்டையப் புடிச்சு உள்ள இழுத்துப் போட்டாரு. இழுத்த வேகத்துல அவரு அந்தப் பக்கம் போயிட்டாரு. கயிறு விட்டேன். தலை ரெண்டு தடவ தெரிஞ்சுது. அப்புறம் காணல."

"இது என்னைக்கு?" என்றார் இபுறாகீம்.

"கெளம்பி மூணாம் நாளு. வெள்ளிக்கெழம."

ஏப்ரல் இருபத்து நான்கு. வலை எங்கள் புரொப்பல்லரில் சிக்குவதற்கே மூன்று நாள் முன்பு.

"வாக்கி?" என்றேன். "வாக்கி உங்ககிட்ட இருந்துச்சா?"

"வாக்கி மச்சான் கழுத்துலதான் தொங்கிட்டிருந்துச்சு மேடம். அவரோட போயிடுச்சு. அது இருந்திருந்தா நான் யாரையாவது கூப்பிட்டிருப்பேனே."

இபுறாகீம் எழுந்து வெளியே போய்விட்டார்.

"எப்படி மேடம் என்னைக் கண்டுபிடிச்சீங்க?" என்று மதியழகன் கேட்டார்.

நீரோட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தார்ப்பாயைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரை ஒருவர் ஆறு நாளாக மாப்ள, மாப்ள என்று சொல்லிக்கொண்டிருந்ததையும் சொல்லவில்லை. உடம்பு இன்னும் தேறட்டும்.

மே 11, திங்கள்

கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கப்பல்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. நாளைக் காலை சென்னை. மதியழகனின் மனைவி நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிவிட்டாராம்.

பொழுது சாயும்போது மேலே போனேன். போக வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. கால் போயிற்று. இபுறாகீம் இருந்தார். கேப்டனும் இருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி.

கடைசி வெளிச்சம் இருக்கும்போது ரேடியோ கரகரத்தது.

"அம்மா. மாப்ளைய ஏத்திட்டீங்களா?"

இபுறாகீம் ஏதோ ஓத ஆரம்பித்தார். நான் மைக்கை எடுத்தேன்.

"ஏத்தியாச்சு. நல்லாருக்காரு. இன்னிக்குச் சோறு சாப்பிட்டாரு."

"சரி" என்றார். அந்த ஒரு சொல்லை அவ்வளவு நீளமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிறகு, "தங்கச்சி வருதா?"

"வர்றாங்க. காலையில துறைமுகத்துக்கு வந்துடுவாங்க."

இரைச்சல். போய்விட்டார் என்று நினைத்தேன். என்னால் விட முடியவில்லை.

"அஞ்சப்பன், நீங்க எங்க இருக்கீங்க? சொல்லுங்க. நான் கணக்குப் போட்டுப் பாக்குறேன்."

"பின்னாடிதாங்கம்மா வர்றேன்" என்றார். மூச்சு வாங்கியது. "கொஞ்சம் வெரசா போறீங்க. எட்டிப் புடிக்க முடியல."

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

கேப்டன் திரும்பவே இல்லை. அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே போய், கப்பலுக்குப் பின்னால் நீண்டு கிடந்த நுரைத் தடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து இன்னொரு சேனலில் இழுவைக் கப்பலைக் கூப்பிட்டார். வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்.

ஏன் என்று கேட்டார்கள். அப்படிப் போனால் நாளை மாலைக்குத்தான் கரை சேரமுடியும் என்றார்கள்.

"பரவாயில்லை" என்றார் கேப்டன். "கடல் சரியில்லை."

வெளியே கடல் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது.